மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில்: ஒலிம்பியாட் வடிவியலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்எம்ஓ (மண்டலக் கணித ஒலிம்பியாட்), ஐஎன்எம்ஓ (இந்திய தேசியக் கணித ஒலிம்பியாட்), சர்வதேச கணித ஒலிம்பியாட் போன்ற, நிறுவல் எழுத வேண்டிய போட்டிகளுக்குத் தயாராகிறவர்களுக்கான பக்கம் இது. முழு எண்ணை மட்டும் விடையாகக் கேட்கும் ஐஓக்யூஎம் என்ற முதல்கட்டத் தகுதித் தேர்வுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

குறியீடு பற்றி ஒரு சொல். முக்கோணத்தின் முனைகள் எப்போதும் க, ச, ட. (கசட முக்கோணத்தையாவது கசடறக் கற்போம்.) இரண்டு எழுத்து சேர்ந்து வந்தால் அது கோடு அல்லது கோட்டுத்துண்டு. ஆகவே கட, மத, பட என்று வருபவற்றைச் சொற்களாகப் படித்துவிட வேண்டாம்.

கோணம் 180° என்று காட்டினால் போதாதா?

போதும், அந்த 180° உண்மையிலேயே கிடைத்தால். பெரும்பாலான விடைத்தாள்களில் அது கிடைப்பதில்லை. படத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளப்படுகிறது.

மிக எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு வட்டங்கள் க, ச ஆகிய புள்ளிகளில் வெட்டுகின்றன. முதல் வட்டத்தில் கத ஒரு விட்டம், இரண்டாவதில் கப ஒரு விட்டம். த, ச, ப ஒரே நேர்கோட்டில் உள்ளன என நிறுவ வேண்டும். வழக்கமாக எழுதப்படுவது: "அரைவட்டக் கோணம் என்பதால் ∠கசத = 90°, ∠கசப = 90°. கூட்டினால் 180°. எனவே நிறுவப்பட்டது."

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கூட்டுவதற்கு த-வும் ப-வும் கச கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். ஒரு வட்டம் சிறியது, மற்றது பெரியது, இரண்டின் மையங்களும் கச-வின் ஒரே பக்கம் என்றால் த-வும் ப-வும் ஒரே பக்கம் வந்துவிடும். அப்போது 90°-ஐயும் 90°-ஐயும் கூட்டுவதற்குப் பொருளே இல்லை. ஆனால் முடிவு அப்போதும் உண்மைதான்.

சரியான வாக்கியம் இன்னும் சிறியது: "சத, சப இரண்டும் ச வழியாகச் செல்லும், கச-வுக்குச் செங்குத்தான கோடுகள். ஒரு புள்ளி வழியாக ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு செங்குத்துதான் உண்டு. எனவே இரண்டும் ஒரே கோடு." எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழவில்லை.

இந்த வகைக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் சாவி இதுதான். மூன்று புள்ளிகளை இணைத்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளிகளைச் சாராமல், தானாகவே வரையறுக்கப்பட்ட ஒரு கோட்டைத் தேடுங்கள்: ஒரு செங்குத்து, ஓர் இணைகோடு, ஒரு ரேடிக்கல் அச்சு, ஒரு பாஸ்கல் கோடு (இவ்விரண்டும் என்ன என்பது கீழே வரும்). பிறகு ஒவ்வொரு புள்ளியும் அதன் மேல் இருப்பதைத் தனித்தனியே காட்டுங்கள். கீழே வரும் முறைகள் எல்லாம் அந்தக் கோட்டை எங்கே தேடுவது என்பதற்கான விடைகளே.

சாய்வு, "முக்கோணப் பரப்பு = 0" ஆகியவற்றைப் பள்ளியில் படித்திருக்கிறோம். போட்டியில் எழுதலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் உள்ள பரப்பு நிபந்தனையும் சாய்வு நிபந்தனையும் முழுமையான நிறுவல் முறைகள்தான். நிபந்தனை ஒன்று உண்டு: கணக்கை இறுதிவரை கொண்டு போக வேண்டும். பாதியில் நின்ற ஆயக்கூற்று விடைக்குப் பொதுவாக மதிப்பெண் கிடைப்பதில்லை. பாதியில் நின்ற வடிவியல் விடையில் ஒரு துணைமுடிவாவது மிஞ்சும்.

ஆய அச்சுகளை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. செங்குத்துகள் அதிகம் என்றால் ஒரு குத்துக்கோட்டின் அடியை ஆதிப்புள்ளியாக வையுங்கள்: க = (0, உ), ச = (−அ, 0), ட = (இ, 0). செங்கோட்டு மையம் (0, அஇ/உ) என்று உடனே வந்துவிடும். சுற்றுவட்டமும் நாண்களும் நிறைந்த கணக்கென்றால் சுற்றுவட்டத்தை அலகு வட்டமாக வைத்துக் கலப்பெண்களுக்குப் போங்கள். அங்கே நிபந்தனை: (ட − க)/(ச − க) மெய்யெண்ணாக இருக்க வேண்டும், அதாவது அது தன் இணையெண்ணுக்குச் சமம். உள்வட்ட மையமும் கோண இருசமவெட்டிகளும் வந்தால் ஆய அச்சு முறையில் வர்க்கமூலங்கள் முளைக்கும். அப்போது வேறு வழி பார்ப்பது நல்லது.

படத்தில் மூன்றும் ஒரே கோட்டில் தெரிகின்றன. உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?

பெரிதாக, கவராயத்தோடு, அரைப்பக்க அளவில் வரையுங்கள். இரண்டு கோடுகள் மிகச் சிறிய கோணத்தில் வெட்டும் இடத்தில் கிடைக்கும் புள்ளியை நம்ப வேண்டாம்; பென்சில் முனை சற்றே நகர்ந்தாலும் அது பல மில்லிமீட்டர் தள்ளிப் போகும். வேறொரு வடிவில் இரண்டாவது படம் கட்டாயம் வரையுங்கள்: முதலாவது குறுங்கோண முக்கோணம் என்றால் அடுத்தது விரிகோணமாக இருக்கட்டும்.

எண்களால் சோதிக்க 13, 14, 15 பக்க முக்கோணம் வசதியானது. முனைகள் (0, 0), (14, 0), (5, 12). இதில் நடுக்கோட்டு மையம் (19/3, 4), செங்கோட்டு மையம் (5, 15/4), சுற்றுவட்ட மையம் (7, 33/8), சுற்றுவட்ட ஆரம் 65/8. செங்கோட்டு மையத்திலிருந்து சுற்றுவட்ட மையத்துக்குச் சாய்வு (3/8)/2 = 3/16; நடுக்கோட்டு மையத்துக்குச் சாய்வு (1/4)/(4/3) = 3/16. இம்மூன்று மையங்களும் அமையும் ஆய்லர் கோடு கண்ணெதிரே நிற்கிறது.

ஆனால் இதே முக்கோணம் ஏமாற்றவும் செய்யும். உள்வட்ட மையம் (6, 4). நடுக்கோட்டு மையத்தின் உயரமும் 4. "இவ்விரண்டையும் இணைக்கும் கோடு அடிப்பக்கத்துக்கு இணை" என்று எழுதத் தோன்றும். அது 13 + 15 = 2 × 14 என்பதால் வந்த தற்செயல்; பக்கங்கள் கூட்டுத்தொடரில் இருந்தால் மட்டுமே உண்மை. எனவே ஒரே முக்கோணத்தில் சோதித்து எதையும் பொதுவிதி என்று நம்பாதீர்கள். பக்கச் சமன்பாடு எதிலும் சிக்காத இன்னொரு முக்கோணத்திலும் போட்டுப் பாருங்கள்.

திசைக் கோணங்கள் என்கிறார்களே, அவை எதற்கு?

"த இந்தப் பக்கம் இருந்தால், அந்தப் பக்கம் இருந்தால்" என்று நான்கு படம் வரைவதைத் தவிர்க்க. திசைக் கோணமாக எடுக்கும்போது ∠கசட என்பது, சக கோட்டை இடஞ்சுழியாகச் சுழற்றிச் சட கோட்டின் மேல் படிய வைக்கத் தேவையான கோணம். 180°-இன் மடங்குகளைக் கழித்துவிடுவோம். இரண்டு விதிகள் போதும். க, ச, ட, ப ஒரே வட்டத்தில் இருந்தால், ∠கடச = ∠கபச; மறுதலையும் உண்மை. ∠நதப = ∠மதப என்றால் நத, மத இரண்டும் ஒரே கோடு.

இதன் பலத்தைச் சிம்சன் கோட்டில் பார்க்கலாம். ராபர்ட் சிம்சன் பெயரால் வழங்கினாலும் இதை வெளியிட்டவர் வில்லியம் வாலஸ். பெயர் மட்டும் தவறான வீட்டில் தங்கிவிட்டது. கசட முக்கோணத்தின் சுற்றுவட்டத்தில் ப ஒரு புள்ளி, முனைகளில் ஒன்றல்ல. ப-இலிருந்து சட, டக, கச ஆகிய கோடுகளுக்கு வரையும் செங்குத்துகளின் அடிகள் முறையே த, ந, ம. இவை ஒரே நேர்கோட்டில் உள்ளன.

த-இலும் ந-இலும் செங்கோணம் என்பதால் ப, த, ந, ட ஒரு வட்டத்தில் உள்ளன, விட்டம் பட. அதேபோல் ப, த, ச, ம ஒரு வட்டத்தில் உள்ளன, விட்டம் பச. இனி ஒரே வரி:

∠நதப = ∠நடப = ∠கடப = ∠கசப = ∠மசப = ∠மதப.

முதல் சமன் முதல் வட்டத்தால். இரண்டாவது, ந என்பது கட கோட்டில் இருப்பதால். நடுவில் உள்ளது சுற்றுவட்டத்தால். அடுத்தது, ம என்பது கச கோட்டில் இருப்பதால். கடைசி, இரண்டாவது வட்டத்தால். இந்தச் சங்கிலியைப் பின்னிருந்து படித்தால் மறுதலையும் கிடைக்கும்: அடிகள் ஒரே கோட்டில் இருந்தால் ப சுற்றுவட்டத்தில்தான் இருக்கும்.

த-வும் ச-வும் ஒன்றிவிட்டால் ஒரு வட்டம் காணாமல் போகும். அப்போது பச ⊥ சட, அதாவது பட சுற்றுவட்டத்தின் விட்டம். எனவே ந-வும் க-வும் ஒன்றே. நத என்பது கச கோடே ஆகிவிடுகிறது, ம அதன் மேல்தான் இருக்கிறது. இரண்டு வரிதான், ஆனால் எழுதியிருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: திசைக் கோணத்தை இரண்டால் வகுக்கக் கூடாது. 180° கழிந்து போகும் உலகில் பாதிக்கு இரண்டு விடைகள் உண்டு. உள் இருசமவெட்டியும் வெளி இருசமவெட்டியும் ஒன்றாகத் தெரியும். கோண இருசமவெட்டி வரும் கணக்கில் அந்த இடத்தை மட்டும் சாதாரணக் கோணத்தில் எழுதிவிடுங்கள்.

மெனலாஸ் தேற்றத்தில் பெருக்கற்பலன் 1-ஆ, −1-ஆ?

திசையுள்ள நீளங்களில் −1. த, ந, ம ஆகியவை சட, டக, கச கோடுகளில் இருந்தால், அவை ஒரே நேர்கோட்டில் அமைவதற்கான நிபந்தனை

(சத/தட) × (டந/நக) × (கம/மச) = −1.

பெருக்கற்பலன் +1 என்றால் அது சீவாஸ் தேற்றம்: கத, சந, டம ஒரே புள்ளியில் சந்திக்கும் அல்லது மூன்றும் இணையாக இருக்கும். நீளங்களை மட்டும் பெருக்கினால் இரண்டிலும் 1 வரும். மெனலாஸ் என்று நினைத்துச் சீவாஸை நிறுவிவிட்டவர்கள் உண்டு.

குறிகளோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்கு எளிய வழி: நீளங்களின் பெருக்கற்பலன் 1 என்று காட்டுங்கள். பிறகு, பக்கத்துக்கு வெளியே நீட்சியில் உள்ள புள்ளிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை 1 அல்லது 3 என்றால் ஒரே நேர்கோடு. 0 அல்லது 2 என்றால் இல்லை. இந்த எண்ணிக்கையை விடைத்தாளில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்.

எடுத்துக்காட்டு: எந்த இரு பக்கமும் சமமில்லாத முக்கோணத்தில் மூன்று வெளிக்கோண இருசமவெட்டிகளும் எதிர்ப்பக்கங்களைச் சந்திக்கும் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளன. விகிதங்கள் கச/கட, சட/சக, டக/டச. பெருக்கினால் 1, மூன்றும் வெளியே, முடிந்தது. ஒன்றை மட்டும் வெளி இருசமவெட்டியாகவும் மற்ற இரண்டை உள் இருசமவெட்டியாகவும் எடுத்தாலும் எண்ணிக்கை 1, அதுவும் சரி. ஆரங்கள் வெவ்வேறான மூன்று வட்டங்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வொரு சோடியின் வெளிப்புறப் பொதுத் தொடுகோடுகளும் சந்திக்கும் புள்ளியைக் குறித்தால் அந்த மூன்றும் ஒரே கோட்டில் வரும் என்ற மோன்ஜ் தேற்றமும் இதே கணக்குத்தான். இருசமவெட்டி விகிதத்துக்குப் பதில் ஆரங்களின் விகிதம்.

மெனலாஸ் பயன்படும் உண்மையான போட்டிக் கணக்கு ஒன்று?

1982-இல் புடாபெஸ்ட்டில் நடந்த சர்வதேச ஒலிம்பியாடின் ஐந்தாம் கணக்கு. கசடதபம ஓர் ஒழுங்கு அறுகோணம். கட, டப ஆகிய மூலைவிட்டங்களை ய, ர ஆகிய உட்புள்ளிகள் கய/கட = டர/டப = வி என்ற ஒரே விகிதத்தில் பிரிக்கின்றன. ச, ய, ர ஒரே நேர்கோட்டில் இருந்தால் வி-இன் மதிப்பு என்ன?

எந்த முக்கோணத்தில் மெனலாஸ் போடுவது என்பதுதான் கேள்வி. ச ஏற்கெனவே அறுகோணத்தின் முனை. அது ஏதாவது ஒரு பக்கத்தின் நீட்சியில் கிடக்க வேண்டும். சப என்ற விட்டத்தை வரையுங்கள். அது கட-வை அதன் நடுப்புள்ளி ல-இல் செங்குத்தாக வெட்டும். டலப முக்கோணத்தில் ய என்பது டல கோட்டில், ர என்பது டப-இல், ச என்பது லப-இன் நீட்சியில்.

அறுகோணப் பக்கம் 1 என்றால் லச = 1/2, சப = 2, கட = டப = √3. டய = √3(1 − வி), யல = √3(வி − 1/2). மெனலாஸ் சொல்வது:

(டய/யல) × (லச/சப) × (பர/ரட) = 1, அதாவது (1 − வி)/(வி − 1/2) × 1/4 × (1 − வி)/வி = 1.

குறுக்கே பெருக்கினால் 1 − 2வி + வி² = 4வி² − 2வி. எனவே 3வி² = 1, வி = 1/√3.

இதில் வி > 1/2 என்று எடுத்துக்கொண்டோம். வி < 1/2 என்றால் ய-வும் டல-வுக்கு வெளியே போய்விடும். ச ஏற்கெனவே வெளியே. ஆக வெளிப்புள்ளிகள் இரண்டு, ஒரே நேர்கோடு ஆக முடியாது. வி = 1/2 என்றால் ய-வும் ல-வும் ஒன்றே, கோடு சப ஆகிவிடும், அது டப-ஐ ப-இல் மட்டுமே தொடும். இந்த மூன்று வரியும் இல்லாத விடை முழுமையானதல்ல.

பாஸ்கல் தேற்றத்தில் ஆறு புள்ளிகளை எந்த வரிசையில் எடுப்பது?

பாஸ்கல் தம் 16 வயதில் கண்ட இந்தத் தேற்றம் இதுதான்: ஒரு வட்டத்தில் 1, 2, 3, 4, 5, 6 என்று ஆறு புள்ளிகள். 12-உம் 45-உம், 23-உம் 56-உம், 34-உம் 61-உம் வெட்டும் மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளன. புள்ளிகள் வட்டத்தைச் சுற்றி அதே வரிசையில் இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஆறே புள்ளிகளிலிருந்து 60 பாஸ்கல் கோடுகள் கிடைக்கின்றன, அதனால்தான் குழப்பமும்.

பின்னோக்கிப் போவதுதான் வழி. நிறுவ வேண்டிய மூன்று புள்ளிகளில் ஒவ்வொன்றையும் வட்டத்தின் இரண்டு நாண்கள் வெட்டும் இடமாக எழுதுங்கள். மொத்தம் ஆறு நாண்கள் வரும். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் சரியாக இரண்டு நாண்களில் இடம்பெற வேண்டும். பெற்றால், ஒரு நாணில் தொடங்கி முனை பிடித்து நடந்து ஆறையும் ஒரே சுற்றாகக் கோத்துவிடலாம். ஒவ்வொரு சோடி நாணும் அந்தச் சுற்றில் எதிரெதிரே வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தொடுகோடு ஒன்று இருந்தால் தொடு புள்ளியை அடுத்தடுத்து இருமுறை எழுதுங்கள். க, க, ச, ச, ட, ட என்று எழுதிப் பாருங்கள்: முனைகளில் சுற்றுவட்டத்துக்கு வரைந்த தொடுகோடுகள் எதிர்ப்பக்கங்களை வெட்டும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் என்பது இலவசமாக வந்துவிடும்.

சற்றுக் கனமான பயன்பாடு: ஒரு சிறு வட்டம் கச-வை த-இலும் கட-வை ந-இலும் தொட்டு, சுற்றுவட்டத்தை உட்புறமாக ப-இல் தொடுகிறது. த, உள்வட்ட மையம், ந மூன்றும் ஒரே நேர்கோட்டில் உள்ளன என நிறுவுக. ப-ஐ மையமாகக் கொண்டு (அதாவது ப-இலிருந்து எல்லாத் தூரங்களையும் ஒரே விகிதத்தில் நீட்டி) சிறு வட்டத்தைச் சுற்றுவட்டமாகப் பெருக்கினால், த-இல் உள்ள தொடுகோடு கச-வுக்கு இணையான தொடுகோடாக மாறும். எனவே பத நீண்டு, கச வில்லின் (ட இல்லாத வில்லின்) நடுப்புள்ளி ம-இல் சுற்றுவட்டத்தைச் சந்திக்கும். அதேபோல் பந நீண்டு கட வில்லின் நடுப்புள்ளி ய-இல் சந்திக்கும். இப்போது க, ச, ய, ப, ம, ட என்ற வரிசையில் பாஸ்கல்: கச-வும் பம-வும் வெட்டுவது த, சய-வும் மட-வும் இரண்டு கோண இருசமவெட்டிகள், அவை வெட்டுவது உள்வட்ட மையம், யப-வும் டக-வும் வெட்டுவது ந. வேறெதுவும் எழுத வேண்டியதில்லை.

பெருக்கி மாற்றும் முறை, அதாவது ஹோமோதெட்டி, எப்போது கைகொடுக்கும்?

படத்தில் ஒரே வடிவம் சிறிதாகவும் பெரிதாகவும் இருமுறை வந்தால். மையப்புள்ளி, ஒரு புள்ளி, அதன் பிம்பம் இவை மூன்றும் எப்போதும் ஒரே கோட்டில். ஆகவே "இது அதன் பிம்பம்" என்று காட்டினாலே போதும்.

உள்வட்டம் சட-வைத் தொடும் புள்ளிக்கு நேர் எதிரே, உள்வட்டத்தின் மேல் த என்ற புள்ளி இருக்கட்டும். க-வுக்கு எதிரான வெளிவட்டம் (சட பக்கத்தை வெளியிலிருந்தும், கச, கட பக்கங்களின் நீட்சிகளையும் தொடும் வட்டம்) சட-வைத் தொடும் புள்ளி ப. அப்போது க, த, ப ஒரே நேர்கோட்டில். காரணம்: க-வை மையமாகக் கொண்டு உள்வட்டத்தை அந்த வெளிவட்டமாகப் பெருக்குங்கள். த-இல் உள்ள தொடுகோடு சட-வுக்கு இணை, க இருக்கும் பக்கத்தில் உள்ளது. அது, வெளிவட்டத்தை க இருக்கும் பக்கத்தில் தொடும் இணையான தொடுகோடாக, அதாவது சட-வாகவே மாறும். எனவே த-இன் பிம்பம் ப. எத்தனையோ போட்டிக் கணக்குகளின் நடுவில் இது ஒளிந்திருக்கும், மனப்பாடமாகவே இருக்கட்டும்.

ஆய்லர் கோடும் இதே வகை. நடுக்கோட்டு மையத்தை மையமாகக் கொண்டு −1/2 மடங்கு செய்தால் கசட முக்கோணம் பக்க நடுப்புள்ளிகளின் முக்கோணமாக மாறும். அந்தச் சிறு முக்கோணத்தின் செங்கோட்டு மையம், பெரிய முக்கோணத்தின் சுற்றுவட்ட மையமே.

ரேடிக்கல் அச்சைக் கொண்டு நிறுவுவது எப்படி?

ஒரு புள்ளியின் பவர் என்பது மையத்துக்கு உள்ள தூரத்தின் வர்க்கத்திலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் வருவது. பொது மையம் இல்லாத இரண்டு வட்டங்களைப் பொறுத்துச் சமமான பவர் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும்; அந்தக் கோடுதான் ரேடிக்கல் அச்சு. ஆகவே மூன்று புள்ளிகளுக்கும் பொருந்தும் இரண்டு வட்டங்களைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. வட்டங்கள் படத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, நீங்களே வரைந்துகொள்ளலாம்.

இதன் மிக அழகான பயன்: நான்கு கோடுகள் பொதுநிலையில் இருந்தால் நான்கு முக்கோணங்கள் உருவாகும். அவற்றின் நான்கு செங்கோட்டு மையங்களும் ஒரே நேர்கோட்டில். கசட முக்கோணத்தை நான்காவது கோடு சட, டக, கச கோடுகளில் த, ந, ம என்ற புள்ளிகளில் வெட்டட்டும். கத, சந, டம ஆகியவற்றை விட்டமாகக் கொண்டு மூன்று வட்டங்கள் வரையுங்கள். க-இலிருந்து வரும் குத்துக்கோட்டின் அடி முதல் வட்டத்தில் உள்ளது, ஏனெனில் அங்கே செங்கோணம். எனவே செங்கோட்டு மையத்தின் பவர், அதிலிருந்து க-வுக்கும் குத்துக்கோட்டின் அடிக்கும் உள்ள திசை நீளங்களின் பெருக்கற்பலன். இந்தப் பெருக்கற்பலன் மூன்று குத்துக்கோடுகளுக்கும் ஒன்றே. ஆக செங்கோட்டு மையத்துக்கு மூன்று வட்டங்களிலும் சம பவர். மற்ற மூன்று முக்கோணங்களுக்கும் இதே மூன்று வட்டங்கள், இதே வாதம். விட்டங்களின் நடுப்புள்ளிகள் வட்ட மையங்கள். அவை அந்த அச்சுக்குச் செங்குத்தான கோட்டில் அமைகின்றன என்று நியூட்டன்–காஸ் கோடும் கூடவே வந்து சேரும்.

இவையெல்லாம் சேர்ந்து வரும் கணக்கு ஒன்றை முழுதாகக் காட்ட முடியுமா?

2013-இல் கொலம்பியாவின் சாந்தா மார்த்தாவில் நடந்த ஒலிம்பியாடின் நான்காம் கணக்கு. கசட குறுங்கோண முக்கோணம், செங்கோட்டு மையம் ஹ. சட பக்கத்தில் ச, ட தவிர்த்து வ என ஒரு புள்ளி. ச-இலிருந்தும் ட-இலிருந்தும் வரும் குத்துக்கோடுகளின் அடிகள் முறையே ம, ந. சவந வட்டத்தில் வய ஒரு விட்டம். டவம வட்டத்தில் வஜ ஒரு விட்டம். ய, ஜ, ஹ ஒரே நேர்கோட்டில் உள்ளன என நிறுவுக.

வ-இலிருந்து இரண்டு விட்டங்கள் என்றதும் முதல் கேள்வியில் பார்த்த படம் நினைவுக்கு வர வேண்டும். இரண்டு வட்டங்களும் மறுபடி வெட்டும் புள்ளி ஞ என்றால், ய-வும் ஜ-வும் ஞ வழியாக வஞ-வுக்கு வரைந்த செங்குத்தில் உள்ளன. நமக்கு வேண்டிய கோடு கிடைத்துவிட்டது. ஹ-வும் அதில் இருப்பதைக் காட்டினால் போதும்.

முதலில், ச, ட, ம, ந ஆகியவை சட-வை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் உள்ளன; எனவே கந × கச = கம × கட. இடப்பக்கம் முதல் வட்டத்தில் க-இன் பவர், வலப்பக்கம் இரண்டாவதில். ஆகவே க ரேடிக்கல் அச்சில், அதாவது இரு வட்டங்களும் வெட்டும் புள்ளிகள் வழியாகச் செல்லும் வஞ கோட்டில், உள்ளது: க, ஞ, வ ஒரே கோட்டில், கஞ × கவ = கந × கச.

அடுத்து, க-இலிருந்து வரும் குத்துக்கோட்டின் அடி ல. ச, ந, ஹ, ல ஆகியவை சஹ விட்டமுள்ள வட்டத்தில் உள்ளன; எனவே கந × கச = கஹ × கல. இரண்டையும் சேர்த்தால் கஞ × கவ = கஹ × கல. ஆக ஹ, ல, வ, ஞ ஒரே வட்டத்தில். ல-இல் செங்கோணம் என்பதால் ஹவ விட்டம், ∠ஹஞவ = 90°. ஹ-வும் அதே செங்குத்தில் வந்து நிற்கிறது.

இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். வட்டங்கள் வ-இல் தொட்டுக்கொண்டால் ஞ இல்லையே? அப்படித் தொட்டால் க-இன் பவர் கவ² ஆகியிருக்கும். ஆனால் பவர் கஹ × கல. அது கல²-ஐ விடக் குறைவு, கல ≤ கவ. ஆகவே தொட முடியாது. வ-வும் ல-வும் ஒன்றே என்றால்? அப்போது கஞ = கஹ, அதாவது ஞ-வும் ஹ-வும் ஒன்றே; ய, ஜ செல்லும் கோடு ஞ வழியாகத்தான் போகிறது.

"போலிப் புள்ளி" முறை என்பது என்ன?

த என்ற புள்ளி கோட்டில் இருப்பதை நேராகக் காட்ட முடியாதபோது, கோடு வேறொன்றை வெட்டும் இடத்தை த′ என்று பெயரிட்டு, த-வுக்குரிய பண்பு த′-க்கும் உண்டு எனக் காட்டுவது. எடுத்துக்காட்டாக, க, உள்வட்ட மையம், சட வில்லின் நடுப்புள்ளி மூன்றும் ஒரே கோட்டில்: க-இன் இருசமவெட்டி சுற்றுவட்டத்தை மீண்டும் வெட்டும் இடம் த′ என்க. சம கோணங்கள் சம நாண்களைத் தாங்குவதால் த′ச = த′ட. எனவே த′ வில்லின் நடுப்புள்ளி.

சறுக்கும் இடம், அந்தப் பண்பு ஒரே ஒரு புள்ளிக்குத்தான் உண்டு என்பதைச் சொல்ல மறப்பது. ச, ட இரண்டுக்கும் சம தூரத்தில் வட்டத்தில் இரண்டு புள்ளிகள் உண்டு. உள் இருசமவெட்டி க இல்லாத வில்லைத்தான் வெட்டும் என்று எழுதினால்தான் த′ = த.

கணக்கைப் பார்த்ததும் எந்த முறை என்று எப்படி முடிவெடுப்பது?

உறுதியான விதி கிடையாது. ஆனால் செங்குத்துகளும் வட்ட நாற்கரங்களும் கண்ணில் பட்டால் கோணத்தில் தொடங்குவதே நல்லது. மூன்று புள்ளிகளும் ஒரே முக்கோணத்தின் பக்கங்களில் கிடந்தால் மெனலாஸ். மூன்றும் நாண்கள் வெட்டும் இடங்கள், வட்டம் ஒன்றே என்றால் பாஸ்கல். நீளங்களின் பெருக்கற்பலன்கள் சமமாக வந்துகொண்டே இருந்தால் ரேடிக்கல் அச்சு. இரண்டு முக்கோணங்களின் முனைகளை இணைக்கும் கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால் டெசார்க் தேற்றம்: ஒத்த பக்கங்கள் வெட்டும் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில். அரை மணி நேரம் கோணத்தைத் துரத்தியும் ஒன்றும் நகரவில்லையென்றால், பெரும்பாலும் படத்தில் இல்லாத ஒரு புள்ளியோ வட்டமோ தேவைப்படுகிறது என்று பொருள். மேலே ஞ-வும் ல-வும் கணக்கில் கொடுக்கப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தேற்றத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதுமா?

மெனலாஸ், சீவாஸ், பாஸ்கல், டெசார்க், சிம்சன் போன்றவற்றைப் பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம். ஆனால் எந்த முக்கோணத்தில், எந்தக் கோட்டுக்கு, எந்த ஆறு புள்ளிகளுக்கு என்பதை எழுத வேண்டும். "பாஸ்கல் படி" என்று மட்டும் எழுதினால் திருத்துபவர் 60 கோடுகளில் உங்கள் கோட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பெயரில்லாத துணைமுடிவுகளை, எவ்வளவு பிரபலமானாலும், இரண்டு வரியில் நிறுவிவிடுங்கள்.

இதைவிட மோசமான பிழை, நிறுவ வேண்டிய கோட்டைப் படத்தில் முதலிலேயே வரைந்துவிட்டு, "குத்தெதிர்க் கோணங்கள் சமம்" என்று நடுவில் அதையே பயன்படுத்திவிடுவது. தப்பிக்க ஒரு நடைமுறை: அந்தக் கோட்டைப் படத்தில் வரையவே வேண்டாம். வரைந்தே ஆக வேண்டுமென்றால், வேறு நிறப் பென்சிலில் இரண்டு தனித் துண்டுகளாக, நடுப்புள்ளியில் சற்றே வளைத்து வரையுங்கள். வளைந்த கோட்டில் குத்தெதிர்க் கோணம் எழுதக் கை வராது.

நான்கு புள்ளிகள் என்றால்?

மும்மூன்றாக இரண்டு முறை நிறுவினால் போதும், இரண்டு மும்மைக்கும் இரண்டு வெவ்வேறு புள்ளிகள் பொதுவாக இருக்க வேண்டும். க, ச, ட ஒரே கோட்டில், ச, ட, ப ஒரே கோட்டில் என்றால் சரி. க, ச, ட ஒரே கோட்டில், ட, ப, ம ஒரே கோட்டில் என்றால், ட-இல் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளாகவும் அவை இருக்கலாம்.